எடைச் சீட்டின் பின்பக்கம்

ஈஜோக் மில்லில், எடை மேடை எனக்கு.
லாரி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
பதினெட்டு டன் நானூறு என்று நான் சொன்னால்
செம்பனை அவ்வளவுதான்.
ஓட்டுநர்கள் அநேகமாக வாதாடுவதில்லை,
ஜன்னல் வழியே சீட்டை வாங்கிக்கொண்டு
சிகரெட்டுக்கு நெருப்புத் தேடுவார்கள்.

மை மங்கிய சீட்டுகள், எண் தப்பிய சீட்டுகள்
என்னோடு வாடகை அறைக்கு வந்துவிடும்.
பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால்
அதில் நான் ஏறி நிற்பேன்.

முட்டை ஐந்து, இரண்டே கால் வெள்ளி.
கங்கோங் ஒரு கட்டு, ஒன்று ஐம்பது.
நெத்திலி,
ஆ லியோங் கடைத் தராசு முள்
விழித்துக்கொள்ளும் முன்பே
போதும் என்று சொன்ன அளவு.

இன்று தேதி இருபத்து மூன்று.
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி காலையில்.
நடுவில் ஐந்து இரவுகள், பதினோரு வெள்ளி.
அரிசி போட்டிருக்கும் பிஸ்கட் டின்னில்
டம்ளர் தகரத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது.
மாத முதலில் அது வாயைத் திறக்காது,
அரிசிக்குள் மூழ்கி எழும்,
கோவில் குளத்தில் முங்குகிற பணக்காரனைப் போல.

பசார் மாலாமுக்கு ஒன்பதரைக்கு மேல்தான் போவேன்.
அதற்கு முன்னால் இருப்பது
கார் நிறுத்த இடம் தேடுகிறவர்களின் விலை.
கூடாரக் கயிறு அவிழும்போது
கீரை வாடிப் பாதிக்கு இறங்கும்.
மீன்காரர் ஐஸை வடிகாலில் கொட்டுமுன்
தலையும் வாலும் ஒரு பை, இரண்டு வெள்ளி.
பூனைக்கா, அக்கா? என்று மலாயில் கேட்பார்.
ஆமாம் என்பேன்.
என் பூனைக்குப் புளி தூக்கலாக இருக்க வேண்டும்,
வெந்தயம் கருகக் கூடாது.

மாசாயிலிருந்து தம்பி அழைப்பான்.
சாப்பிட்டாச்சா?
மீன் குழம்பு என்பேன்.
அவன் கண்ணில் அது வாவல் மீனாக நீந்தும்.
நானும் தடுக்கமாட்டேன்.

எல்லா மாதமும் கணக்கில் ஒரு வரி வரும்:
தலைவலி மாத்திரை, நான்கு வெள்ளி.
எனக்குத் தலைவலி வந்ததே இல்லை.
அது பேருந்து நிறுத்தத்து அரசமரத்தடியில்
சிகாமணி வண்டியின் செண்டோல்.
மில் சீருடையோடு நின்றபடியே குடிப்பேன்.
கரண்டியால் கலக்குவதில்லை,
கூலா மெலாக்கா அடியிலேயே கறுத்துக் கிடக்கட்டும்,
கடைசி வாய்
கழுத்து நரம்பு வரைக்கும் இனிக்கட்டும்.

இந்தச் சீட்டை யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை.
எழுதுவதும் படிப்பதும் நான்.
இருந்தும் கை மாத்திரை என்றே எழுதும்.
பசிக்குக் கணக்கில் இடம் இருக்கிறது,
நாக்குக்கு எந்த வரியில் எழுதுவது?

இன்று மத்தியானம் பாக் டெராமான்
தன் பழைய பிக்கப்பை மேடையில் ஏற்றினார்.
அறுநூற்று நாற்பது.
இன்னொரு தடவை போடு மகளே என்றார்.
இறங்கி, ஏறி,
அறுநூற்று நாற்பது.
தொப்பியைக் கழற்றிக் குலைகளைப் பார்த்தார்.
வீட்டு வாசலில் குவித்து வைத்திருந்தபோது
இதைவிட அதிகமாகத் தெரிந்தது என்றார்.
சண்டைக்கு இல்லை. தனக்குத்தானே.

எனக்குப் பதில் வரவில்லை.
மூன்றாவது முறையும் ஏறச் சொன்னேன்.
பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன.
அறுநூற்று நாற்பதுதான்.
சிரித்துக்கொண்டே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வேலை விட்டதும் கால் நேராக அரசமரத்துக்குப் போனது.
சிகாமணி பயறு ஒரு கரண்டி கூடப் போட்டான்,
காசு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்திரி சீட்டைத் திருப்பிப்போட்டு
செண்டோல், நான்கு வெள்ளி என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணல்.
கூட்டினேன். மாத்திரையாக இருந்திருந்தாலும்
இதே தொகைதான்.
மீதி ஏழு.

டம்ளர் தகரத்தில் தட்டுகிறது.
நாளைக்குப் பசார் மாலாம்.
ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும்,
பூனைக்குப் பசிக்கும்.