சகா

மயூர் விஹார், டிசம்பர்.
பள்ளி அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னல்.
மப்ளருக்குள் இருந்து குமாஸ்தா கேட்டார்:
"மூத்த பையன் இங்கேதான் படிக்கிறானா? சகா ஹை?"

இந்தியில் அந்தச் சொல்லுக்கு ஒரே வயிறு.
தமிழில் தோழன்.
பதினொரு வருடம் தில்லியில் இருந்தும்
அவசரத்தில் எனக்குத் தமிழ்தான் முதலில் கேட்கும்.
ஆமாம், சகாதான் என்றேன்.
இருபது புள்ளி எழுதினார்.

பிறகு பிறப்புச் சான்றிதழ்களை அருகருகே வைத்தார்.
தாய் பெயர் கனகவல்லி.
தாய் பெயர் செண்பகவல்லி.
வல்லி, வல்லி என்று விரலால் இரண்டு தடவை தொட்டுவிட்டு
இருபதின் குறுக்கே ஒரு கோடு,
அளவுகோல் வைத்து.

அக்கா மகன் என்றேன்.
"அப்படியென்றால் மௌசேரா" என்றார்,
கோபமில்லாமல், மளிகைக்கடையில்
இது அந்தப் பருப்பு இல்லை என்று சொல்வதுபோல.

எங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது, ஒன்றுவிட்ட அண்ணன்.
எதை விட்டது என்று யாரும் சொன்னதில்லை.
அக்காவுக்கு மருத்துவமனையில் ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை.
இரண்டு அறை, ஒரு கீஸர், இரண்டு பிள்ளைகள்.
தாரிணிக்கு யுகன் பள்ளியில்
எந்தக் குழாய் ஒழுகும் என்று தெரியும்.
அவன் டிபனில் மிச்சம் வரும் அரைப் பூரி அவளுடையது.
அவன் வகுப்பு மிஸ்ஸுக்குக்
காய்ச்சல் என்றால் இவள் இருமுவாள்.

ஜனவரியில் குலுக்கல்.
ஒரே புள்ளியில் அறுபத்து மூன்று பேர், இடம் நான்கு.
வீடியோ எடுக்க ஒரு பையன், மூக்கு சிந்திக்கொண்டு.
ஒவ்வொரு சீட்டையும் காட்டிக் காட்டி மடித்து
கடலை மிட்டாய் ஜாடி போன்ற ஒன்றில் போட்டார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார்.
மூத்தவனுக்கும் இங்கே விழவில்லையாம்.
"அவனுக்கு விழாததால் இவனுக்கு இருபது இல்லை.
இருபது இல்லாததால் இவனுக்கும் விழாது.
மூன்றாவது பெற்றுக்கொள்ளவில்லை, அதுவரை லாபம்."
சிரித்தார். நானும்.

அவரிடம் சொல்லவில்லை:
யுகனுக்குக் குலுக்கிய வருடம் இதே கூடத்தில்
அக்கா பயத்தில் வெளியே நின்றாள், உள்ளே நான்.
மற்ற சீட்டுகள் எல்லாம்
ஜாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டினேன்.
அவருடைய மூத்தவன் சீட்டும் அதில் இருந்திருக்கும்.
நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தொன்று. ஒன்பது. ஐம்பத்தாறு. பதினெட்டு.
எங்களுடையது இருபத்தேழு.
காத்திருப்புப் பட்டியலில் ஏழாவது.
ஏழு பேர் ஊர் மாற வேண்டும்.
மாறட்டும் என்று நினைத்தேன்,
உடனே, பழக்கத்தில்.

வெளியே மூடுபனி, ஆட்டோ கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி யுகனுடைய நோட்டுக்கு அட்டை போட்டேன்.
இரண்டாம் வகுப்பு, "என் குடும்பம்" என்று ஒரு பக்கம்.
இரண்டு அம்மாக்களை வரைந்து
இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு வைத்திருந்தான்.
கீழே ஆங்கிலத்தில்: எனக்கு ஒரு தங்கை, பெயர் தாரிணி.
தங்கை என்ற சொல்லில் எழுத்துப்பிழை.
மிஸ் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தி
முழுப் பக்கத்துக்கும் சரி போட்டு
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
அதே பள்ளியின் சிவப்பு மை.

மறுநாள் அதைக் கொண்டுபோய்
ஜன்னலில் நீட்டலாமா என்று தோன்றியது.
குளிருக்காகப் பள்ளி பதினைந்துவரை மூடல் என்று
குறுஞ்செய்தி வந்தது.

தாரிணி நட்சத்திரத்துக்குள்
பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.
வெளியே போகாமல், கோட்டுக்குள்ளேயே.