சுள்ளி முறியாமல்

பாஸ்போர்ட்டில் எப்படி எழுதியிருந்தாலும்
வாயால் சொன்னால் அவன் பெயர் கீரன்.
அயர்லாந்துக் கீரன், மூக்கு நுனியில் தோல் உரிந்தவன்.
கிரான் சந்தியில் பஸ்ஸால் இறங்கிப்
பெயர் சொல்லிக் கை நீட்டியதுதான்,
தேத்தண்ணிக் கடையிலிருந்த கனகசூரியம் மாஸ்டர்
தீர்ப்பெழுதி முடித்தார்:
"கீரன், கிரான். வேரைப் பார் தம்பி.
கெல்லுறதெண்டால் கிண்டுறது. கெல்ட் எண்டால் உழவன்.
இவன் நம்மட ஆள்."

நான் நாட்கூலிக்கு மொழிபெயர்ப்பவன்.
மாற்றிச் சொன்னேன். அவன் சிரித்தான்.
கெல்ட் என்பது கிரேக்கன்
தூரத்து ஆளுக்கு வைத்த பெயராம்.
முந்நூறு வருசத்துக்கு முந்தி
அவன் தீவில் ஒருவனும்
தன்னை அப்படி அழைத்ததில்லையாம்.
இப்போதோ சாராயப் போத்தலிலும் அதுதானாம்,
தோளில் குத்திய பச்சையிலும் அதுதானாம்.
அதெல்லாம் பொய் என்பவனுக்கும் உண்மை என்பவனுக்கும்
அடிபிடி ஓயவில்லையாம்.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
கலிங்கத்திலிருந்து வந்தோம் என்று ஒரு கூட்டத்திலும்
சேரநாட்டிலிருந்து என்று மறு கூட்டத்திலும்
பொன்னாடை வாங்கியவர் அவர்.

மறுகா, புலிபாய்ந்தகல் துறையில்
தோணிக்குக் காத்திருந்தோம்.
ஆறு பெருகி றோட்டை விழுங்கியிருந்தது.
அங்கேதான் தன் ஆராய்ச்சியைச் சொன்னான்.

காணி இல்லாத, கலியாணம் ஆகாத பொடியன்கள்.
கோடை முழுக்கக் காடு, மான், வேட்டைநாய்.
மாரியில் ஊரார் சோறு போட வேண்டும்,
விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

அந்தக் கூட்டத்தில் சேரச் சோதனை உண்டு.
இடுப்பளவு குழிக்குள் இறங்கி நிற்க,
ஒன்பது பேர் ஒரே நேரம் ஈட்டி எறிவார்கள்.
(இடுப்பளவு குழி. எங்களுக்குக் கழுத்தளவு.)
பின்னிய கூந்தலைக் கிளை கலைக்காமல்,
காலடியில் சுள்ளி முறியாமல் ஓட வேண்டும்.
ஓடுகிற வேகம் குறையாமல்
உள்ளங்கால் முள்ளைப் பிடுங்க வேண்டும்.

அக்கரையில் குடும்பிமலை
கொண்டை முடிந்த ஆள்போல் குந்தியிருந்தது.
றோட்டுப் பலகையில் அதற்கு வேறு பெயர்.
இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.
இரண்டையும் எழுதி
நடுவில் கேள்விக்குறி போட்டான்.

நான் அந்தக் காட்டில் நாலு வருசம்.
தம்பி சாந்தரூபன் இரண்டு வருசம் எட்டு மாதம்.
சுள்ளி முறியாமல் நடப்பதில் அவன் பூனை.
ஆனால் அவனைத் தேடி வந்தவனும்
எங்களோடு ஒரே சாக்கில் படுத்தவன்,
அதே நடையைப் பழகியவன்.
அன்றிரவு ஒரு சுள்ளியும் முறியவில்லை.

"இன்னொரு நிபந்தனை," என்றான் கீரன்.
"சேருகிறவனின் உறவினர் சத்தியம் செய்ய வேண்டும்,
அவன் செத்தால் பழி கேட்கமாட்டோம்,
ஈடு கேட்கமாட்டோம் என்று.
அவனும் உறவைக் கைகழுவ வேண்டும்.
இதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டா?"

தோணிக்காரன் சவளைச் சேற்றில் ஊன்றினான்.

எங்கள் பக்கத்தில் குடி தாயோடு போகும்.
தகப்பன் யாராக இருந்தாலும்
கோயிலில் கூப்பிடும்போது தாயின் குடிதான்.
அவள் விடாமல் யார் விடுவது?
எங்கள் வீட்டில் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.
இரவு ஒன்றரைக்கு நாய் குரைத்தது,
பாயில் ஆள் இல்லை.

மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில்
வியாழனுக்கு வியாழன் இருக்கிறாள்.
படத்தின் பிளாஸ்டிக் வெயிலில் உப்பி
தம்பியின் ஒரு கன்னம் வீங்கியிருக்கிறது.
மரணச் சான்றிதழ் எடுத்தால்
காசு தருகிறோம் என்று கந்தோரில் சொன்னபோது
படிவத்தைக் கிறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.
எழுதத் தெரியாதவள். அது வெறும் கிறுக்கல்.
பேனை தாளைக் கிழித்திருந்தது.

"சொல் இல்லை," என்றேன் கீரனிடம்.
இருக்கிறது. நாலைந்து இருக்கும்.
அன்றைய கூலியில்
அதை மட்டும் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.
விளங்காமல் முழுக் காசையும் தந்தான்.

திரும்பி வரும்போது மாஸ்டர்
இன்னும் கடையில்தான் இருந்தார்.
"என்னவாம்," என்றார்,
"நம்மட ஆக்கள்தானாமா?"