எஸ் போடாமல் விட்டது

துவாஸ் பட்டறை விபத்துப் படிவத்தில்
இடக்கையால் தவசீலன் எழுதியது மூன்று வரி:
ஐ ஷட் மெஷின்.
ஐ புட் ஹேண்ட்.
மெஷின் கட்.

மிஸ் கோ பேனாவைத் தட்டுகிறார்.
அன்றைக்கு நிறுத்தினானா,
வழக்கமாக நிறுத்துவான் என்கிறானா?
இரண்டுக்கும் ஒரே ஷட்.
மணிக்கு முப்பத்தைந்து வெள்ளி எனக்கு,
அதைப் பிரித்துச் சொல்ல.

கட் கட் கட்.
ஹிட் ஹிட் ஹிட்.
தொடக்கநிலை நான்கில்
மூன்று கட்டத்திலும் ஒரே சொல்லை எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
மாறாத வினைகள்மேல் அப்படி ஓர் ஆசை.
அவற்றுக்கு நேற்று என்று ஒன்று
இல்லவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

தமிழில் கேட்டேன்.
"நிறுத்துனேன்க்கா.
நிறுத்திட்டுத்தான் கைய வெச்சேன்.
போட்டுட்டாங்க."

போட்டுட்டாங்க.
அந்த 'ஆங்க'வுக்குள் ஓர் ஆள் நிற்கிறார்,
சுவிட்சில் விரலோடு.
படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.

யார் என்றார் மிஸ் கோ.
யாரு என்றேன் நான்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
நிறுவன வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது.
ஓட்டுநர் இருக்கையில் யாரோ
கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பெர்மிட் முடிய ஏழு மாதம்.
தவசீலன் ஏர்கானைப் பார்த்தான்.
"தெரியலக்கா."

தெரியல.
அன்றைக்கா, இன்றைக்கா?
எனக்கா, உனக்கா, அவர்களுக்கா?
நம்மிடமும் இருக்கிறது பார்,
வால் ஒட்டாத ஒரு சொல்.
ஆங்கிலத்தில் அதைச் சொல்ல
எந்தக் காலத்தைப் போடுவது என்று
அரை நிமிடம் விழித்தேன்.
அந்த அரை நிமிடத்துக்கும் கூலி உண்டு.

கடைசிக் கட்டம் வலி.
அவனே எழுதுகிறேன் என்றான்.
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து:
ஃபிங்கர் ஹர்ட்.

வலித்தது என்றால் சரி.
வலிக்கிறது என்றால் ஓர் எஸ் வேண்டும்.
திருத்தப் பேனாவை எடுத்துக்கொண்டே
எந்த விரல் என்றேன்.

கட்டுத்துணியில் காலியாக இருந்த இடத்தை,
சுட்டுவிரல் போனதற்கு அடுத்த நாளிலிருந்து
ராத்திரியெல்லாம் மடக்கி நீட்டுவதாக அவன் சொன்ன இடத்தை,
இடக்கையால் காட்டினான்.

பேனாவை மூடினேன்.
மிஸ் கோ முத்திரை குத்தினார்.