வலப்பக்கத்தால வாறவர்

டோர்ட்முண்டில் இருபத்தாறு வருசம் வான் ஓடிய
மச்சான் இன்பராசா
தர்மபுரத்து ஒழுங்கை முகப்பு ஒவ்வொன்றிலும்
பிரேக்கை மிதிக்கிறார்.
"குடிமனைக்குள்ள
வலப்பக்கத்தால வாறவருக்குத்தான் முதலிடம்."

வலப்பக்கத்தால் ஒரு கிடாய்.
காத்திருக்கிறோம்.
அது எங்களைப் பார்த்துக்கொண்டே
வேலிக் கிளுவையைத் தின்கிறது.
பின்னால் லாண்ட்மாஸ்டர்க்காரன்
ஹோர்ன் அடித்துக் களைத்து
இறங்கிப் பீடி பற்றவைக்கிறான்.

அங்கே முப்பதென்று பலகை இருக்குமாம்.
மீறினால் கடிதம் வருமாம், படத்தோடு.

சுகந்தினி வீட்டடியில்
நான் சொல்ல முதலே வான் துள்ளியது.
பலகை இல்லை, வெள்ளைக்கோடு இல்லை.
குறுக்கே பாதி புதைந்த பனங்குற்றி.

"ஆர் போட்டது, பிரதேச சபையோ?"

"மகன்ரை எட்டுச்செலவு முடிஞ்ச இரவு
அவளே அலவாங்கால கிண்டித் தாட்டது.
மணல் டிப்பர் இப்ப
இதில மட்டும் மெதுவாகுது."

கண்டி வீதி ஏறும்வரை
மச்சான் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.