பதினொரு எழுத்து

குவீன்ஸ்வே கடைத்தொகுதி, இரண்டாம் மாடி.
எழுத்துக்கு இரண்டு வெள்ளி, எண்ணுக்கு ஐந்து.
பந்தாட்டம் எனக்குத் தெரியாது.
நூற்றைம்பது டிகிரியில் பன்னிரண்டு விநாடி அழுத்தினால்
எந்தப் பெயரும் எந்த முதுகிலும் ஒட்டும்,
அது தெரியும்.

மெஹருன்னிசா முதல்முறை வந்தபோது
கையில் பச்சைச் சட்டை.
"குவாத்ரொகாசே. முப்பத்தேழு."
யாரம்மா அது?
"இத்தாலிக்காரன், பத்தொன்பது வயசு.
நேத்து கடைசி ஆறு நிமிஷம் இறக்கினாங்க."
ஆறு நிமிஷத்துக்கு
முப்பத்திரண்டு வெள்ளி வாங்கினேன்.

எதிரே அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனையில்
அவளுக்கு இரவுப் பணி.
அங்கே எட்டே முக்காலுக்கு விசில் ஊதினால்
இங்கே விடியலுக்கு முன் மூன்றே முக்கால்.
வார்டு உறங்கும் நேரம்.
சொட்டு மருந்தை எண்ணும் இடைவெளிகளில்
ஓசை அணைத்த கைப்பேசிக்குள்
அவன் ஓடிக்கொண்டிருப்பான்.
கோல் விழுந்தால் கத்த முடியாது.
துணிக் கிடங்குக்குள் போய்
துவைத்த போர்வை அடுக்கில் முகம் புதைத்துக்
கத்துவாளாம்.

அடுத்தது அரக்கு நிறம், எண் ஒன்பது.
அந்த ஆண்டு இருபத்தொரு முறை
போர்வைகள் கேட்டன.

பிறகு பெரிய கிளப், நீலத்தில் பொன்கரை,
எண் பதினெட்டு.
மாதக்கணக்கில் பெஞ்சு.
"உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அதே விலைதானா, அண்ணே?"
எழுத்து குறையலியேம்மா.

"இரவல் கொடுத்துட்டாங்க" என்று
ஒரு மாலை கோடுபோட்ட சட்டையோடு வந்தாள்.
ஆளை எப்படி இரவல் கொடுப்பார்கள்,
அவன் என்ன அரிவாள்மணையா என்றேன்.
சிரித்தாள்.
"என்னையும் ஆறு மாசத்துக்கு
உட்லண்ட்ஸுக்கு அனுப்பறாங்க" என்றாள்,
சட்டையை மடித்துக்கொண்டே.

அந்த இரவலிலிருந்து இன்னோர் இரவல்.
ஆரஞ்சு. மறுபடி வெள்ளையில் பச்சைப் பட்டை.
எண்கள் ஏறிக்கொண்டே போயின,
இருபத்தைந்து, நாற்பத்தொன்று, தொண்ணூற்றிரண்டு.
சின்ன எண் கிடைப்பவன் பெரிய ஆள் என்பது
அப்போதுதான் புரிந்தது எனக்கு.

இடது முழங்கால் போனதை
என் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினாள்.
இங்கே பிய்ந்தது. இங்கிருந்து ஒரு துண்டு எடுத்து
இப்படிக் கோப்பார்கள். ஒன்பது மாதம்.
அந்த ஆண்டு சட்டை இல்லை.
ஒரு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு போனாள்.

அவன் குடும்பப் பெயருக்கு
நான்கு வீடு என்று பொருளாம்.
அவள் அதைச் சொன்னபோது
எட்டாவது சட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வெறும் வெள்ளை பனியனோடு வந்தாள்,
பேரங்காடியில் மூன்று பத்து வெள்ளிக்கு விற்கிற ரகம்.
கடைசிக் கிளப் திவாலாம்,
சட்டைகூட அடிக்கவில்லையாம்.
விடைபெறும் ஆட்டம் எதுவும் கிடையாது.
மாமனாரின் டயர் கடையில் உட்கார்ந்துவிட்டான்,
முப்பத்தைந்து வயதில்.
எண் என்ன போட?
"எண் வேண்டாம்."

தாளுக்கு ஒரே ஒரு க்யூதான் வரும்.
இத்தனை வருடத்தில் என் க்யூக்களை எல்லாம்
இவள் ஒருத்தியே தின்று தீர்த்திருந்தாள்.
ஓர் ஓவை எடுத்தேன்.
கிழிந்த ஒன்றாம் எண்ணிலிருந்து
நகக்கண் அளவு நறுக்கி வால் வைத்தேன்.
அவள் கண்டுபிடிக்கவில்லை.
கண்டுபிடித்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம்,
தாதியல்லவா.

அன்றிரவு புக்கிட் மேரா வீட்டில் தூக்கம் வரவில்லை.
கைப்பேசியில் அவன் பெயரைத் தேடினேன்.
பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய மழையில்,
அரக்குச் சட்டையில் ஓடி வருகிறான்,
இருவரை ஏய்க்கிறான்,
வலை புடைக்கிறது.
எல்லோரும் அவன்மேல் விழுகிறார்கள்.
நான் முதுகை மட்டும் பார்த்தேன்.
திரையை நிறுத்திப் பெரிதாக்கினேன்.
க்யூ இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
எவனோ ஒருவன் அவசரத்தில் ஒட்டியிருக்கிறான்,
அதோடுதான் அவன்
அத்தனை கோலும் அடித்திருக்கிறான்.