பதினொரு இழை

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
பத்து தெத்ரி.
ஒருமுறை இருமும், பிறகு ஏறும்.

ஒன்பதாம் மாடி மக்வாலாவுக்கு
லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை.
அந்த மார்ச்சில் எங்கள் லிஃப்டின் முறை.
டார்ச்சோடு எந்திர அறைக்குள் போனவள்
இரண்டு மணிநேரம் கழித்து இறங்கி வந்தாள்,
முழங்கை வரை கிரீஸ்,
படிவழியாக.
வடத்தில் பதினொரு இழை அறுந்திருக்கிறது என்றாள்.
பிரேக் கட்டை நகத்தின் கனம்கூட இல்லை என்றாள்.
கையெழுத்துப் போடவில்லை.

கட்டடத் தலைவர் கோச்சா
இருபது லிட்டர் ஒயினைத் தூக்கிக்கொண்டு
ஒன்பது மாடி ஏறினார்.
இறங்கும்போதும் அதே இருபது லிட்டர்.

புது வடத்துக்கான பணம் முந்திய வருஷமே வந்தாயிற்று.
கோச்சாவின் மைத்துனன் வீட்டில்
புதிதாய் முளைத்த பச்சைக் கூரையை
எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.
பார்த்தோம்.
போத்தி துறைமுகத்தில் என் தம்பிக்கு
வேலை வாங்கித் தந்ததும் அதே மைத்துனன்தான்.
ஆகவே கூரையைப் பற்றி
என்னால் சொல்ல முடிந்ததெல்லாம்
நல்ல பச்சை என்பதுதான்.

ஏழு வாரம் படி ஏறினோம்.
ஏழு வாரமும் மக்வாலாவைத் திட்டினோம்,
மூச்சு மிச்சமிருந்த மாடிகளில்.
நிறைமாதக்காரி லமாரா
ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து அழுதாள்.
ஒற்றைக் கால் தாரியேல் வெளியே வருவதையே விட்டுவிட்டார்;
காலையில் அவருக்கு ரொட்டி கொண்டுபோனவள் மக்வாலா.
ரொட்டியை வாங்கிக்கொண்டு
கதவை அவள் முகத்தில் சாத்துவார்.
மறுநாளும் ரொட்டி.

பிறகு வேறொரு ஊரிலிருந்து ஒருவர் வந்தார்.
எந்திர அறையின் சாவியைக்கூடக் கேட்கவில்லை.
காரின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்துக்
கையெழுத்திட்டு, முத்திரை குத்தி,
எங்களோடு இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.
மக்வாலாவை
இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே இல்லாத
ஓர் ஊருக்கு மாற்றினார்கள்.

லிஃப்ட் விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்?
விழவில்லை.
மூன்று வருஷம் ஆகிறது.
லமாராவின் பையன் எட்டி எட்டித்
தானே காசு போடுகிறான்.
தாரியேல் சந்தைக்குப் போய் வருகிறார்.
'பதினொரு இழை' என்பது இப்போது
எங்கள் கட்டடத்தில் ஒரு கேலிச்சொல்.
சூப்பில் உப்பு குறைந்தால்கூட
பதினொரு இழை என்கிறோம்.

அவள் மட்டும் படியில் ஏறுகிறாள்.

போன குளிர்காலம், மின்சாரம் போன ஓர் இரவு,
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் பார்த்தேன்.
உருளைக்கிழங்குப் பையைச் சுவரில் சாய்த்து
இருட்டில் நின்றிருந்தாள்.
என்னவோ கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது:
அது ஒருநாள் விழுந்துவிட்டால்
உனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், இல்லையா?

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
பையைக் கைமாற்றிக்கொண்டாள்.
'கடைசி ஆள் ஏறிப்போய்க்
கதவு திறக்கிற சத்தம் கேட்கிறவரை
நான் தூங்குவதில்லை' என்றாள்.
'பீசினாதான் எப்போதும் கடைசி. நேற்று ஒன்றேகால்.'

பையை நான் தூக்கவா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றாள்.
வற்புறுத்தவும் இல்லை நான்.

மின்சாரம் வந்தது.
இருமி, ஏறிப்போயிற்று பெட்டி.
அவள் தலை நிமிர்த்தி
மாடி மாடியாக அதன் பின்னே கேட்டுக்கொண்டிருந்தாள்,
காய்ச்சல்காரக் குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோல.

பத்து தெத்ரிக் காசுகள்
என் சட்டைப்பையில் எப்போதும் உண்டு.
முழங்கால் வலி, நேரமில்லை, அதுதான் விழவில்லையே;
நான் லிஃப்டில்தான் போகிறேன்.

என் மகள் தேக்லாவிடம் மட்டும்
படி ஏறினால் உடம்புக்கு நல்லது
என்று சொல்லி வைத்திருக்கிறேன்.