உம்

எண்பத்தொரு நிமிடப் பேச்சு.
ஒலிபரப்பில் இடம் ஐம்பத்து நான்குக்கு.
மிச்சத்தை வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எட்மண்டனில், ஜாஸ்பர் அவென்யூவுக்கு ஒரு தெரு தள்ளி
நிலத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்பதை
உள்ளே வருகிறவர்களின் புருவம் சொல்லும்.

இந்த வாரம், வேலிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.
வில்ஃப்ரிட் தெஜார்லே, சாஸ்கடூனிலிருந்து.
முள்கம்பி எந்த வழியாகச் சமவெளிக்கு வந்தது,
மாட்டுக்கு முன்னால் அது யாரை நிறுத்தியது,
உடைமை என்ற சொல்லுக்குள் எத்தனை கம்பம் நட்டிருக்கிறது...
நன்றாகப் பேசுகிறார்.
தண்ணீரைச் சத்தமாகக் குடிக்கிறார்.

கேள்வி கேட்பவர் லோர்னா கொவல்சுக்,
இருபது வருடமாய், ஞாயிறு பிற்பகல்தோறும்.
கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு வருகிறவர்;
இந்தத் தொழிலில் அது கொஞ்சம் அபூர்வம்.
கார்டன், எங்கள் தயாரிப்பாளர்,
திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறார்:
'லோர்னாவின் உம் அத்தனையையும் எடு.
கேட்பவர்களுக்கு இடைஞ்சல்.'

எடுத்தேன்.
திரையில் ஒவ்வொன்றும் எள் அளவு.
ஏற்கிற உம், ஏற்காமல் ஒத்திவைக்கிற உம்,
அது இருக்கட்டும் மேலே சொல்லுங்கள் என்கிற உம்,
பசி நேரத்து உம் ஒன்று.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

தமிழில் இதற்கு ஒரு வினையே உண்டு.
மழை கொட்டும், தேள் கொட்டும், பறை கொட்டுவார்கள்,
கதை கேட்பவர்கள் உம் கொட்டுவார்கள்.
கொட்ட ஆளில்லையென்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.
கார்டனிடம் விளக்கிப் பார்த்தேன்.
"சுவாரஸ்யம்" என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவரிடம் சொல்லாதது இன்னொன்று.
இலக்கண வகுப்பில் நான் தூங்காத ஏதோ ஒரு நாளில் படித்தது:
உப்பும் புளியும்,
வரவும் செலவும்,
சேர்த்துப் பிடிப்பதும் இதே இரண்டெழுத்துதான்.
எடுத்துவிட்டால் உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம்.

வெட்டியதை ஓடவிட்டுக் கேட்டேன்.
அதே குரல், அதே சொற்கள்.
எதிரே நாற்காலி இல்லை.
தயங்கித் தயங்கி அவர் எட்டியதெல்லாம்
தீர்ப்பு வாசிப்பதுபோல் ஆகியிருந்தது.

நாற்பத்தேழாவது நிமிடம்.
தம்பி ஓர் இரவு கம்பியை அறுக்கப் போன கதை.
போனான், அறுத்தான், பிடிபட்டான்.
புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான்.
நிறுத்துகிறார். கண்ணாடித் தம்ளர் மேசையைத் தொடுகிறது.
லோர்னா எதுவும் கேட்கவில்லை.
ஓர் உம்.
மூச்சைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே.
அதற்குப் பிறகு அவர் சொல்கிறார்,
காட்டிக்கொடுத்தது நான்தான் என்று.

அந்த உம்மை எடுத்தால்
இந்த வாக்கியம் எந்தக் கதவு வழியாக வந்தது
என்று யாருக்கும் தெரியாது.
அதை மட்டும் விட்டேன்.

கார்டன் கேட்டார், மஞ்சள் தாளைப் பார்த்தார்.
"ஒன்று தப்பிவிட்டது."
"தப்பவில்லை" என்றேன்.
மூக்கால் ஏதோ சொன்னார்.
அதை நான் பதிவுசெய்யவில்லை.

மற்ற இருநூற்றுப் பதினொன்றை எறிய மனமில்லை.
வரிசையாக ஒட்டி ஒரு கோப்பாக்கினேன்.
இரண்டு நிமிடம்கூட வரவில்லை.
நூற்றொன்பதாம் தெரு சிக்னலில்,
கார் இன்னும் சூடேறாமல் விரல் விறைத்திருக்க,
அதை ஓடவிட்டு ஆரம்பித்தேன்:
அக்கா மூன்று மாதமாய் என் போனை எடுப்பதில்லை...

உம்உம்உம்உம்உம்.
நான் வாக்கியத்தை முடிப்பதற்குள்
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தீர்ந்துபோயிற்று.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

நாளைக்குப் போய் நடுநடுவே இடம் விடவேண்டும்.
எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.
தப்பு யார்மேல் என்பதில் தொடங்குகிறது,
முதல் வாக்கியமே நீளம்.